பீட்சா வீட்டுக்கு வந்த கதை

பீட்சா என்றாலே கொஞ்சம் காசுள்ளவர்களின் தின்பண்டம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வரலாற்றைப் புரட்டினால் கதை தலைகீழாக இருக்கிறது. சரியான சமையலறை கூட இல்லாத ஏழைகளின் சாப்பாடுதான் பீட்சா!

18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம் மக்கள் நெரிசலில் திணறியது. கூலித் தொழிலாளர் குடும்பங்கள் பல, ஒற்றை அறையில் முடங்கிக் கிடந்தன. அங்கே ஓவன் வைக்க இடமேது? தெருவில் விற்ற பீட்சாவை வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டு வேலைக்குப் போனார்கள். மேலே பூண்டு, எண்ணெய், தக்காளி, சின்னச் சின்ன மீன்கள், அவ்வளவுதான். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் துமா 1843-இல் வெளிவந்த தன் பயண நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1889-இல் ராணி மார்கரிட்டாவுக்கு பீட்சா செய்து கொடுத்த கதைதான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் கடிதமே உண்மையானதா என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள்.

ஆக, பீட்சா பிறந்தது வீட்டில் அல்ல, கடையின் விறகு ஓவனில். அதன் சூடு சுமார் 450 முதல் 485 டிகிரி செல்சியஸ். 60 முதல் 90 வினாடிகளில் பீட்சா தயார். ஓரம் கருகும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். வீட்டு ஓவனோ பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். மாவு சிவப்பதற்குள் ஈரமெல்லாம் போய் ரஸ்க் ஆகிவிடுகிறது. இதில் சமைப்பவரின் கைமேல் குற்றமில்லை!

இதற்கு ஒரு வழியை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் காட்டியது. 1946-இல் அங்கே ஒரு மதுக்கடையில், ஆழமான இரும்புத் தட்டில் எண்ணெய் தடவி, தடித்த மாவைப் பரப்பி பீட்சா சுட்டார்கள். கார் தொழிற்சாலைகளில் பயன்பட்ட தட்டுகள் அவை என்று சொல்லப்படுகிறது. இந்த வகைக்கு விறகு ஓவனின் சூடு தேவையில்லை. வீட்டு ஓவனுக்கு அப்படியே பொருந்தும்.

மெல்லிய பீட்சாதான் வேண்டும் என்பவர்கள் மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்.

1. மாவு தளர்வாக இருக்கட்டும். 500 கிராம் மைதாவுக்கு சுமார் 325 மில்லி தண்ணீர், உப்பு, சிட்டிகை ஈஸ்ட், ஒரு ஸ்பூன் எண்ணெய். பிசைந்து ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்தால் சுவையும் கூடும், நன்றாகவும் சிவக்கும்.

2. காயாத தோசைக்கல்லில் தோசை வருமா? பிடியில்லாத கனமான இரும்புக்கல்லை ஓவனுக்குள் வைத்து, முழுச் சூட்டில் முக்கால் மணி நேரம் காயவிட்டு, அதன்மேல் பீட்சாவைப் போட வேண்டும். இரும்பு, கல்லைவிட வேகமாகச் சூட்டை மாவுக்குக் கடத்தும்.

3. மேலே குவிக்கக் கூடாது. தக்காளியும் சீஸும் விடும் தண்ணீர் மாவை நசநசவென்று ஆக்கிவிடும்.

நேப்பிள்ஸ் பீட்சா கலைஞர்களின் கலையை 2017-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. அந்தக் கலையை வளர்த்தது அரண்மனை அல்ல, வீட்டில் ஓவன் இல்லாமல் தெருவில் நின்று சாப்பிட்டவர்களின் பசிதான்.