உருகிய பிளாஸ்டிக்கை ஒளியால் அளந்த கதை

பிளாஸ்டிக் வாளியோ, தண்ணீர்க் குழாயோ, பாலிதீன் பையோ, எல்லாமே ஒரு கட்டத்தில் பாகாக உருகி ஓடித்தான் வடிவம் பெறுகின்றன. அந்தப் பாகை அளவுக்கு மீறிய வேகத்தில் தள்ளினால், வெளியே வரும் பொருள் சொரசொரப்பாகும். சில நேரம் முறுக்கிக்கொண்டு வரும். கோளாறு எந்த இடத்தில் தொடங்குகிறது? அழுத்தமானி சுவரோரத்துக் கணக்கை மட்டுமே சொல்லும். பாகுக்குள் கருவியை நுழைத்தாலோ ஓட்டமே மாறிவிடும். ஒளிக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்தக் கதை பிளாஸ்டிக் தொழிலுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1866-ல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், ஓடும் திரவத்தின் உள் இறுக்கம் முனைவுற்ற ஒளியில் தெரியுமா என்று சோதித்தார். கோந்துக் கரைசலும் சர்க்கரைப் பாகும் கைவிட்டன. கனடா பால்சம் என்ற மரப்பிசின் கைகொடுத்தது. அதை ஒரு சதுரப் புட்டியில் ஊற்றி, நிக்கோல் பட்டகத்தைத் திருப்பி ஒளியை முழுவதும் மறைத்துவிட்டு, ஒரு தட்டைக் கரண்டியை மேலும் கீழும் அசைத்தார். கரண்டியின் இருபுறமும் ஒளி தோன்றியது. அசைவு நின்றதும் மறைந்தது. இதை 1873-ல் அவர் வெளியிட்ட கட்டுரை இரண்டே பக்கம்தான்!

ஓட்டத்தால் உண்டாகும் இந்த இரட்டை ஒளிவிலகலுக்கு, 1928-ல் சர் சி.வி.ராமனும் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணனும் ஒரு கோட்பாடு தந்தார்கள். ராமன் விளைவு கண்டறியப்பட்ட அதே ஆண்டு என்பதால், இது பலர் கண்ணில் படாமலே போய்விட்டது.

பாலிமர் மூலக்கூறு நீளமான சங்கிலி. சும்மா இருக்கும்போது நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். ஓட்டம் இழுத்தால் ஒரு திசையில் நீளும். அப்போது ஒளியின் வேகம் திசைக்குத் திசை மாறுபடும். தகைவு பிறப்பதும் அதே நீட்சியால்தான். ஆகவே ஒன்றை அளந்தால் மற்றது கிடைக்கும். நீட்டிய ரப்பருக்கு குன், குரூன் இருவரும் 1942-ல் செய்த கணக்கின் வழியே சென்று, பாயும் பாலிமருக்கும் இந்த உறவு பொருந்தும் என்று 1955-ல் ஆர்தர் லாட்ஜ் காட்டினார். உருகிய பாலிமர்களில் இதைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தவர் யானெஷிட்ஸ்-கிரீகல். 1983-ல் வெளியான அவருடைய நூல் இத்துறையினர் இன்றும் புரட்டும் நூல்.

செய்முறை எளிது. பாகு ஓடும் பாதையின் இருபுறமும் கண்ணாடிச் சன்னல் வைத்து, ஒற்றை நிற ஒளியைச் செலுத்துவார்கள். கறுப்பும் வெளிச்சமுமாகப் பட்டைகள் தெரியும். அவை நெருங்கி நிற்கும் இடத்தில் தகைவு வேகமாக மாறுகிறது. அகலமான பாதை திடீரென்று குறுகும் மூலையில் பட்டைகள் குவிந்து கிடப்பதைப் பார்த்தாலே, அச்சு செய்பவருக்கு எந்த முனையை மழுக்க வேண்டும் என்பது புரியும்.

வேகத்தை அளக்க வேறு வழி பிறந்தது. ஓட்டத்தில் மிதக்கும் துகள்கள் சிதறடிக்கும் லேசர் ஒளியின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடும் முறையை 1964-ல் யே, கம்மின்ஸ் இருவரும் தண்ணீரில் செய்து காட்டினர். பின்னர் அது பாலிமர் பாகுக்கும் வந்தது.

பால் போல வெளுத்திருக்கும் பாலிஎதிலீன் உருகியதும் தெளிந்துவிடுவது இந்த ஆய்வாளர்களின் அதிர்ஷ்டம். அதன் படிகங்கள் கரைந்துவிடுவதே காரணம். கரித்தூள் கலந்த டயர் ரப்பரில் இந்த வித்தை பலிக்காது. சங்கிலிகள் முழுவதும் நீளும் அளவுக்கு இழுத்தாலும் கணக்கு தவறும். தகைவு ஏறிக்கொண்டே போகும், ஒளியின் மாற்றமோ ஓர் எல்லையில் நின்றுவிடும்.