அழித்தெழுதும் பலகையின் வரலாறு

திண்ணைப் பள்ளியிற் புதிதாய் எழுத்துக் கற்கும் பிள்ளை முதலில் எழுதியது ஏட்டிலன்று, மணலிலேயாம். ஏட்டிற் கீறிய பிழை நிலைத்துவிடும். மணலிற் கீறியதோ கையால் தடவ மறையும். மாணவர் தம் இலத்திரனியற் செயற்றிட்டங்களுக்கு இன்று கையாளும் நுண்கட்டுப்படுத்திப் பலகைகளின் வரலாறும் ஏட்டினின்று மணலுக்கு வந்த வரலாறே.

கணித்தற் பகுதி, நினைவகம், உள்வரு வெளிச்செல் வாயில்கள் ஆகிய யாவும் ஒரே சிலிக்கன் சில்லில் அமைந்த சிறு கணினியே நுண்கட்டுப்படுத்தியாகும். இன்ரெல் நிறுவனம் 1976இல் அறிமுகஞ்செய்த 8048 இனச் சில்லில் கட்டளைகள் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்டன; பின்னர் மாற்ற வழியில்லை. அதன் உடன்பிறப்பாகிய 8748 அழித்தெழுதத்தக்கது. அந்நிறுவனத்தில் டோவ் புரோமன் 1971இல் ஆக்கிய அழிபடு நினைவகத்தின் வகையையே அது கொண்டிருந்தது. ஆயின் அழிக்கும் முறை பொறுமையைச் சோதிப்பதாகும். சில்லின் முதுகிலுள்ள குவாட்சுச் சாளரத்தின்மீது கழியூதாக் கதிர் பல நிமிடங்கள் படல் வேண்டும். பின்னர்த் தனிக்கருவியொன்றிற் பொருத்தி மீள எழுதி, மீண்டும் சுற்றிற் செருகல் வேண்டும். ஓர் எழுத்துப் பிழைக்காக இத்துணையும்! அவ்விளக்கையும் எழுதுகருவியையும் வாங்கும் வசதி எத்தனை பாடசாலைகளுக்கு இருந்திருக்கும்?

1992இல் அமெரிக்காவின் பரலக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘பேசிக் ஸ்ராம்ப்’ மின்னால் அழியும் நினைவகத்தைக் கொண்டது. கணினியிலிருந்து வடம்வழியே அதற்குக் கட்டளைகளை எழுதலாம். அழிக்கும் இடர் தீர்ந்தது. விலையின் இடர் தீரவில்லை. ஒன்றின் விலை 50 டொலர் அளவினதாக இருந்தது.

இனி இத்தாலியின் இவ்ரியா நகருக்கு வருவோம். ஒலிவெற்றி தட்டச்சுப்பொறிகளாற் பெயர்பெற்ற அந்நகரின் வடிவமைப்புக் கல்வி நிலையமொன்றில் ஆர்டுயினோ 2005இல் தோன்றிற்று. பலர் கதையை அவ்வாண்டிலிருந்தே தொடங்குவர். அது வரலாற்று முறைக்கு ஒவ்வாது. 2003இல் அந்நிலையத்து மாணவராகிய கொலம்பிய நாட்டவர் ஹேர்னாண்டோ பராகான், மசிமோ பன்சி, கேசி ரீஸ் ஆகியோரின் வழிகாட்டலில், ‘வயரிங்’ என்னும் பலகையையும் அதற்குரிய எளிய நிரல்முறையையும் முதுமாணி ஆய்வுக்காக ஆக்கத் தொடங்கியிருந்தார். பன்சியும் அவர்தம் குழுவினரும் அந்நிரல்முறையைத் தழுவி, மலிவான ஏ.ரி.மெகா 8 என்னும் சில்லில் அமைத்ததே ஆர்டுயினோ. மலிவாக்கியவர்க்குரிய புகழை மறுப்பதற்கில்லை. வித்திட்டவர் பெயர் அடிக்குறிப்பாய்ச் சுருங்கியது முறையன்று. அக்கல்வி நிலையம் மூடப்படும் தறுவாயில் இருந்தமையால், ஆக்கம் அழியாதிருக்கும்பொருட்டு வரைபடங்களை யாவர்க்கும் திறந்துவிட்டனர். பிறரும் அப்பலகையைச் செய்து குறைந்த விலைக்கு விற்க இயன்றது இதனாலேயாம்.

இப்பலகையின் உயிர்நிலை சில்லின் நினைவக மூலையிற் குடியிருக்கும் சிறு நிரலொன்றாகும். கணினியிலிருந்து வரும் கட்டளைகளை வாங்கி, எஞ்சிய இடத்தில் அதுவே எழுதிக்கொள்ளும்; தனி எழுதுகருவி வேண்டா. ஏ.ரி.மெகா 8 சில்லின் நினைவகம் 10,000 முறை அழித்தெழுதுவதைத் தாங்கும் என ஆக்கியோர் குறித்துள்ளனர். ஆதலின் இம்மாதம் மண்ணின் ஈரத்தை அளந்த பலகை அடுத்த மாதம் வீதி விளக்குகளை ஆளலாம். பற்றாசு பிடியாது செருகிய கம்பிகளைக் கழற்றுதலே வேலை.

கம்பியை மாற்றிச் செருகிச் சில்லை எரித்துவிடும் மாணவனுக்கும் வழியுண்டு. 2010இல் வந்த ‘ஊனோ’ பலகையிற் சில்லு ஒரு தாங்கியிற் செருகப்பட்டிருக்கும். எரிந்ததைப் பிடுங்கி வேறொன்றை இடலாம். புதிய சில்லில் மேற்கூறிய சிறு நிரல் முன்னரே எழுதப்பட்டுள்ளதா என்பதை வாங்குவோர் கேட்டறிதல் வேண்டும். வெறுஞ் சில்லு கணினியின் சொல்லைக் கேளாது.