வுட்ஹாம் சகோதரர்கள் பழைய இரும்புக் கிடங்கு

வுட்ஹாம் சகோதரர்கள் பழைய இரும்புக் கிடங்கு என்பது ஐக்கிய இராச்சியத்தின் வேல்ஸ் பகுதியில், பாரி என்னும் துறைமுக நகரில் இயங்கிய நிறுவனம் ஆகும். பிரித்தானிய இரயில்வே பணியிலிருந்து நீக்கிய 297 நீராவி எஞ்சின்களை இந்நிறுவனம் உடைப்பதற்காக வாங்கியது. அவற்றுள் 213 எஞ்சின்கள் உடைபடாமல் தப்பி, 1968 முதல் 1990 வரையிலான காலத்தில் ஆர்வலர்களால் மீட்கப்பட்டன. பிரித்தானியாவில் இன்று பாதுகாக்கப்படும் நீராவி எஞ்சின்களில் பெரும் பங்கு இங்கிருந்து சென்றவையே.

பின்னணி

1948 இல் இரயில் நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது ஏறத்தாழ 20,000 நீராவி எஞ்சின்கள் அரசின் வசம் வந்தன. அதற்குப் பின்னரும், 1951 முதல் 1960 வரை, பொதுத்தர வடிவமைப்பில் 999 புதிய எஞ்சின்கள் கட்டப்பட்டன. ஆனால் 1955 இல் வெளியான நவீனமயமாக்கல் திட்டம் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறுவதென முடிவு செய்தது. முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைக்கக்கூடிய எஞ்சின்கள் பல, தேய்ந்ததனால் அன்றிக் கொள்கை மாறியதனாலேயே ஓய்வு பெற்றன. இவ்வரிசையின் கடைசி எஞ்சினான ஈவினிங் ஸ்டார் 1960 மார்ச்சில் வெளிவந்து, 1965 மார்ச்சிலேயே பணியிலிருந்து நீக்கப்பட்டது. பாதுகாப்பதற்கென முன்னரே ஒதுக்கப்பட்டிருந்ததால் அது உடைபடவில்லை. 1968 ஆகஸ்ட் 11 அன்று முதன்மைத் தடங்களில் நீராவிக் காலம் முடிவுக்கு வந்தது.

எஞ்சின்கள் தப்பிய விதம்

கிடங்கின் உரிமையாளர் டை வுட்ஹாம் (இறப்பு: 1994). எஞ்சின்கள் 1959 முதல் பாரிக்கு வரத் தொடங்கின. தொடக்கத்தில் அவை வழக்கம்போல் உடைக்கப்பட்டன. 1960களின் நடுவில் பெருந்தொகையான சரக்குப் பெட்டிகளும் உடைப்புக்கு வந்தன. கனத்த கொதிகலனும் சட்டகமும் கொண்ட எஞ்சினை உடைப்பதைவிடச் சரக்குப் பெட்டியை உடைப்பது எளிது. எனவே ஆட்கள் பெட்டிகளின் மீது திருப்பப்பட்டனர். கடினமான வேலை தள்ளி வைக்கப்பட்டது. எஞ்சின்கள் பிழைத்ததற்கு முதற்காரணம் இந்த வேலை வசதியே எனலாம். எனினும், வாங்க விரும்பிய குழுக்கள் பணம் திரட்டும்வரை வுட்ஹாம் பொறுமையாகக் காத்திருந்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும். 1980 இல் பெட்டிகள் வரத்துக் குறைந்தபோது இரண்டு எஞ்சின்கள் உடைக்கப்பட்டன. இது ஆர்வலர்களை விரைவுபடுத்தியது.

காத்திருந்த ஆண்டுகளில் கடற்காற்றால் தகடுகள் துருப்பிடித்தன. பித்தளை, செப்புப் பாகங்கள் பலவும் காணாமற்போயின.

மீட்பு

முதலில் வெளியேறியது 43924 எண் கொண்ட சரக்கு எஞ்சின். 1920 இல் கட்டப்பட்ட இது 1968 செப்டம்பரில் யார்க்‌ஷயரிலுள்ள கீத்லி-வொர்த் பள்ளத்தாக்கு இருப்புப்பாதைக்குச் சென்றது. ஆரி பாட்டர் திரைப்படங்களில் ஹாக்வார்ட்ஸ் விரைவுவண்டியை இழுக்கும் சிவப்பு எஞ்சினும் (5972 ஓல்டன் ஹால், 1937) பாரியிலிருந்து 1981 இல் மீட்கப்பட்டதே.

மிகக் கடினமானதாகக் கருதப்பட்டது 71000 டியூக் ஆஃப் குளொஸ்டர். 1952 இல் ஹாரோ விபத்தில் அழிந்த எஞ்சினுக்கு ஈடாக 1954 இல் குரூ பணிமனையில் கட்டப்பட்ட இது, இவ்வகையில் ஒரே ஒன்றாகும். நிலக்கரியை மிகுதியாக உண்டும் போதிய நீராவி தருவதில்லை என்ற அவப்பெயருடன் எட்டே ஆண்டுகளில் நீக்கப்பட்டது. இதன் உருளை ஒன்று காட்சிக்கென இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு எடுக்கப்பட்டது. எடைச் சமநிலைக்காக மறுபக்க உருளையும் கழற்றப்பட்டது. எஞ்சியது பாரிக்கு வந்தது. 1974 இல் இதை வாங்கிய குழுவினர் புதிய உருளைகளை வார்க்கச் செய்தனர். மூல வரைபடங்களுடன் ஒப்பிட்டபோது, நெருப்புக்குக் காற்றளிக்கும் சாம்பல் தட்டின் திறப்புகள் வரைபடத்தில் உள்ளதைவிடச் சிறியனவாகக் கட்டப்பட்டிருந்தது தெரிந்தது. புகைபோக்கியின் அமைப்பும் பொருத்தமற்றிருந்தது. இவை திருத்தப்பட்டு 1986 இல் மீண்டும் ஓடியபோது, பணிக்காலத்தில் காட்டாத ஆற்றலை எஞ்சின் காட்டியது. இரயில்வேயின் பொறியாளர்கள் எட்டு ஆண்டுகள் கண்டுபிடிக்காத குறையைத் தன்னார்வலர்கள் கண்டுபிடித்தனர்.

6023 கிங் எட்வர்ட் II எஞ்சினின் பின் இயக்குச் சக்கரங்கள் கிடங்கில் தடம்புரண்டபோது வெட்டப்பட்டிருந்தன. புதிய சக்கரங்கள் வார்க்கப்பட்டு, 2011 இல் டிட்காட்டில் அது மீண்டும் நீராவி கண்டது.

மீட்புடன் செலவு முடிவதில்லை. கொதிகலன் சான்றிதழ் பொதுவாகப் பத்தாண்டுகளுக்கே செல்லும். பின்னர் எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்க்க வேண்டும். இதனால் ஒருமுறை ஓடிய எஞ்சின்கள் பல மீண்டும் கொட்டகைகளில் காத்திருக்கின்றன.

இறுதிக் காலம்

கடைசி எஞ்சினான 5553, 1990 சனவரியில் வெளியேறியது. வேல்ஸில் அருங்காட்சியகம் ஒன்றுக்கென ஒதுக்கப்பட்ட பத்து எஞ்சின்கள் "பாரிப் பத்து" எனப்பட்டன. அவற்றுள் சில முழு உருவில் மீளவில்லை. முற்றிலும் அழிந்துபோன வகைகளைப் புதிதாகக் கட்டும் திட்டங்களுக்கு அவற்றின் பாகங்கள் வழங்கப்பட்டன. 7927 எஞ்சினின் கொதிகலன் 6880 பெட்டன் கிரேஞ்ச் என்னும் புதிய எஞ்சினில் பொருத்தப்பட்டுள்ளது.