தவிடும் எண்ணெயும்: தோட்டத்துச் சோற்றின் கதை



"சோறுதான் உடம்புக்குக் கேடு, அதை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று இப்பொழுது பலரும் சொல்லக் கேட்கிறோம். "கொழுப்புதான் எதிரி, எண்ணெயைத் தொடாதே" என்று சொல்லிவந்தவர்களும் உண்டு. சோற்றை உண்டு பால்மரம் வெட்டிய பரம்பரையில் வந்த நமக்கு இந்த இரண்டு பேச்சும் குழப்பத்தையே தருகின்றன. இதற்கு விடை காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மலாயாவிலும், சிங்கப்பூரின் வடகோடியில் இருக்கும் கிராஞ்சியிலும் நடந்த வரலாறே நமக்கு வழிகாட்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வட்டாரத்தை நடுங்க வைத்த நோய்களுள் ஒன்று பெரிபெரி. முதலில் கால் மரத்துப்போகும். பிறகு நடை தள்ளாடும். சிலருக்குக் கால் வீங்கும். இருதயம் தளர்ந்து உயிரே போய்விடும். ஈயச் சுரங்கங்களில் பாடுபட்ட சீனத் தொழிலாளர்களை இந்நோய் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போயிற்று. ஆனால் அதே வெயிலிலும் மழையிலும் வேலை செய்த தமிழர்களிடையே அது மிகக் குறைவாகவே காணப்பட்டது. ஏன்?

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராட்டன் இந்தக் கேள்வியை விடாமல் பின்தொடர்ந்தார். 1907ஆம் ஆண்டில் இதைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றையும் வெளியிட்டார். சீனர்கள் உண்டது ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர்கள் உண்டது வீட்டிலேயே குத்திய அரிசி. தமிழர்கள் உண்டதோ புழுங்கல் அரிசி. வேற்றுமை அரிசியில்தான் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். ஆனால் வெள்ளை அரிசியில் ஏதோ ஒரு நஞ்சு உண்டாகிறது என்று அவர் எண்ணியது மட்டும் பின்னால் தவறாயிற்று.

இதைச் சோதித்துப் பார்த்தவர் டாக்டர் பிளெட்சர். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905ஆம் ஆண்டின் கடைசியில் தொடங்கி, நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஏறத்தாழ ஓராண்டுக்காலம் உணவு கொடுத்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் பலருக்குப் பெரிபெரி கண்டது. 18 பேர் இறந்துபோயினர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் ஒருவர்கூட அந்நோயால் இறக்கவில்லை. தங்கள்மீது சோதனை நடக்கிறது என்று அறியாத அந்த எளிய மனிதர்களின் உயிரே இந்த அறிவுக்கு விலையாயிற்று என்பதை நாம் மறக்கலாகாது.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் 1907, 1908ஆம் ஆண்டுகளில், நெகிரி செம்பிலானில் சாலை போட்டுக்கொண்டிருந்த 300 ஜாவாத் தொழிலாளர்களைக் கொண்டு அதே சோதனையைச் செய்தார்கள். வெள்ளை அரிசி உண்ட கூட்டத்தில் நோய் தலைகாட்டியது. கூட்டங்களுக்குள் அரிசியை மாற்றியபோது, நோயும் அரிசியோடு இடம் மாறியது! தீட்டும்பொழுது கழிந்துபோகும் தவிட்டில்தான் காக்கும் பொருள் இருக்கிறது என்பது பின்னர் உறுதியாயிற்று. அந்தப் பொருள்தான் 1926ஆம் ஆண்டில் பத்தாவியா நகரில் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அதைத் தயமின், அதாவது வைட்டமின் பி1 என்கிறோம்.

நம் தாய்மார்கள் நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திப் பிறகு குத்தினார்கள். அவிக்கும்பொழுது தவிட்டிலும் முளையிலும் உள்ள இந்தச் சத்து அரிசியின் உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது. அதன்பின் ஆலையில் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலத்தில், புழுங்கல் நெல் நம்மவர் உயிரைக் காத்தது.

சரி, மாவுச்சத்துக்கும் இந்த வைட்டமினுக்கும் என்ன தொடர்பு? அடுப்பில் விறகு எரிந்தால்தான் சூடு கிடைக்கும். உடம்பில் மாவுச்சத்து எரிந்தால்தான் தெம்பு கிடைக்கும். அது சரியாக எரியத் தயமின் வேண்டும். வெறும் வெள்ளைச் சோற்றை வயிறு நிறைய உண்பவன், விறகை மட்டும் அடுக்கிக்கொண்டு பற்றவைக்க வழியில்லாமல் நிற்கிறான். கொழுப்பை எரிக்கவோ தயமின் குறைவாகவே போதும். ஆகவே சோற்றோடு சேரும் ஓரளவு எண்ணெய், உடம்பிலுள்ள தயமினைச் சிக்கனப்படுத்துகிறது.

இந்த உண்மை கசப்பான முறையில் விளங்கியது ஜப்பானியர் ஆட்சியில். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. சாங்கி முகாமில் அடைபட்ட போர்க் கைதிகளின் உணவு திடீரென்று வெள்ளைச் சோறாக மாறியது. சில வாரங்களிலேயே பெரிபெரி தோன்றியது. அங்கிருந்த மருத்துவர்கள் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ஒருவன் உண்ணும் தயமின் எவ்வளவு என்று மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. கொழுப்பு நீங்கலாக மற்ற உணவிலிருந்து கிடைக்கும் தெம்புக்கு அந்தத் தயமின் ஈடாகுமா என்று பார்த்தார்கள். அந்த ஈடு குறையும்போது நோய் பெருகியது. பர்ஜஸ் என்ற மருத்துவர் 1946ஆம் ஆண்டில் இதை எழுதி வெளியிட்டார்.

1944ஆம் ஆண்டு மே மாதத்தில் கைதிகளின் மருத்துவமனை கிராஞ்சிக்கு மாற்றப்பட்டது. தவிடு அங்கே மருந்தாயிற்று. புல்லை இடித்துச் சாறு எடுத்துக் குடித்தார்கள். செம்பனை எண்ணெய் கிடைத்த காலங்களில் அது கொழுப்பும் தந்தது. கண்ணைக் காக்கும் வைட்டமின் ஏயும் தந்தது. முகாமுக்கு வெளியே இருந்த மக்களோ மரவள்ளிக்கிழங்கையும் வற்றாளைக்கிழங்கையும் நம்பி வாழ்ந்தார்கள். சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் தோட்டத் தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. இன்று கிராஞ்சி போர் நினைவிடத்தில், கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் இந்திய வீரர்களும் பலர். அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் பெயர்கள் அங்கே இல்லை.

அப்படியானால் மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிக்கொண்டால் உழைப்புக்கு நல்லதா? டென்மார்க்கில் 1939ஆம் ஆண்டில் கிறிஸ்டென்சன், ஹான்சன் என்ற இருவர் சோதித்தார்கள். சில நாள் கொழுப்பு மிகுந்த உணவு உண்டவர்கள் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சைக்கிள் மிதிக்க முடியாமல் களைத்தார்கள். மாவுச்சத்து மிகுந்த உணவு உண்டபோது அவர்களே ஏறத்தாழ நான்கு மணி நேரம் மிதித்தார்கள். 2017ஆம் ஆண்டில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், போட்டி நடையாளர்கள் மூன்று வாரம் கொழுப்புணவு உண்டு, கொழுப்பை எரிக்கப் பழகினார்கள். ஆனால் அதே வேகத்தில் நடக்க அவர்களுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டது. மெதுவான நடைக்குக் கொழுப்பு தாங்கும். மேட்டில் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு விரைந்து ஏறுவதற்குச் சோறு வேண்டும்.

இங்கேதான் இன்றைய சிக்கல் தொடங்குகிறது. பொழுது விடியுமுன் பிரட்டுக்குப் போய், நாள் முழுதும் நடந்தவர் உண்ட அதே அளவு சோற்றை, நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் பேரனும் உண்கிறான். சீனி போட்ட தேநீரும் பலகாரமும் அதற்கு மேல். எரியாத விறகு வீட்டில் குவிகிறது. சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 17.2 விழுக்காடு. இத்தகையோர் வெள்ளைச் சோற்றையும் சீனியையும் குறைப்பது நல்லதே. ஆனால் நீரிழிவு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் மருத்துவரைக் கேளாமல் சோற்றைத் திடீரென்று நிறுத்தினால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.

எண்ணெயிலும் வகை பார்க்க வேண்டும். கெட்டிப்படுத்திய எண்ணெயில் உள்ள மாறுகொழுப்பு இருதயத்துக்குத் தீங்கு என்பதால், பகுதி ஐதரசனேற்றிய எண்ணெயைச் சிங்கப்பூர் 2021 ஜூன் மாதத்தில் உணவிலிருந்து விலக்கியது. மீன், நிலக்கடலை, எள் ஆகியவற்றின் கொழுப்பு அப்படிப்பட்டதன்று. ஆனாலும் அளவு வேண்டும். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும்போது, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது.

நேயர்களே, சோற்றைக் குற்றவாளியாக்கியும் எண்ணெயைக் குற்றவாளியாக்கியும் பேசுவது எளிது. தட்டில் இருக்கும் அரிசி தவிட்டை இழந்ததா, அதனோடு பருப்பும் கீரையும் மீனும் அளவான எண்ணெயும் சேர்ந்தனவா, உண்பவர் இன்று எவ்வளவு உழைத்தார் என்ற மூன்று கேள்விகளைத்தான் இந்த வரலாறு நம்மைக் கேட்கச் சொல்கிறது. அடுத்த முறை கடையில் அரிசி வாங்கும்போது, வெண்மையைப் பார்த்து மயங்காமல், புழுங்கலா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.