எம்.ஆர்.எஸ். ஊடகத்தின் உப்பு வரிகள்

லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவை வளர்க்கும் ஆய்வகங்களில் அன்றாடம் புழங்குவது எம்.ஆர்.எஸ். ஊடகம். டி மேன், ரொகோசா, ஷார்ப் மூவரும் 1960-இல் வெளியிட்ட செய்முறை அது. அதில் பெப்டோன், இறைச்சிச் சாறு, ஈஸ்ட் சாறு, குளுக்கோஸ் முதலியவற்றோடு சில உப்புகளும் உண்டு. அவற்றை மட்டும் வரிவரியாகப் பார்ப்போம். அளவுகள் லிட்டருக்கு.

"டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட், 2 கிராம்"

ஏ.டி.பி., ஆர்.என்.ஏ. இரண்டுக்கும் பாஸ்பேட் வேண்டும். பாக்டீரியா தான் சுரக்கும் அமிலத்தாலேயே சீக்கிரம் முடங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதிலும் அதற்குப் பங்குண்டு. பொட்டாசியம் செல்லுக்குள் ஏராளமாக இருக்க வேண்டிய அயனி.

"சோடியம் அசிடேட், 5 கிராம், டிரைஅம்மோனியம் சிட்ரேட், 2 கிராம்"

இவற்றின் முக்கிய வேலை காவல். அசிடேட் வேண்டாத கிருமிகளை ஒடுக்கும். சிட்ரேட் உலோக அயனிகளைப் பிடித்துவைத்து, அவை பாஸ்பேட்டோடு சேர்ந்து வீழ்படிவாகாமல் தடுக்கும்.

"மெக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட், 0.2 கிராம்"

ரைபோசோம் குலையாதிருக்க மெக்னீசியம் வேண்டும். எல்லா உயிருக்கும் பொதுவான தேவைதான்.

"மாங்கனீஸ் சல்பேட் டெட்ராஹைட்ரேட், 0.05 கிராம்"

எடையில் ஆகச் சிறியது. ஆனால் இந்தச் செய்முறையின் உயிரே இதுதான் என்பேன். ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் சூப்பராக்சைடு செல்லைச் சிதைக்கும். அதை அழிக்கப் பெரும்பாலான உயிர்களிடம் டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி உண்டு. லாக்டோபேசில்லஸ் பிளான்டாரத்திடம் அது இல்லை. அதற்குப் பதிலாக மாங்கனீஸையே செல்லுக்குள் குவித்துவைத்துத் தப்பிக்கிறது என்று ஆர்ச்சிபால்டும் ஃப்ரிடோவிச்சும் 1981-இல் காட்டினார்கள். இந்த உப்பு ஊடகத்துக்குத் தருவது சுமார் 0.22 மில்லிமோலார், செல்லுக்குள் சேர்வது 30 மில்லிமோலார் வரை. நூறு மடங்குக்கும் மேல்! செடிகொடிகளில் மாங்கனீஸ் தாராளமாகக் கிடைக்கும், பாலில் மிகக் குறைவு. மிளகும் கிராம்பும் இறைச்சி சாசேஜின் புளிப்பேற்றத்தை விரைவுபடுத்துவதற்குக் காரணமும் அவற்றிலுள்ள மாங்கனீஸ்தான்.

இரும்புக்கு வரியே இல்லை

செய்முறையில் இரும்பு உப்பு இல்லாததையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிளான்டாரம் இரும்பே இல்லாமல் வளரும் என்பதை ஆர்ச்சிபால்ட் 1983-இல் எழுதினார். உயிருலகில் இது அபூர்வம். பாலிலுள்ள லாக்டோஃபெரின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பல கிருமிகளைப் பட்டினி போடும். இரும்பே கேட்காத பாக்டீரியாவிடம் அந்த உத்தி பலிக்காது.

ஊடகத்தைத் தாங்களே கலக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மாங்கனீஸ் சல்பேட் குப்பியில் மோனோஹைட்ரேட் என்றிருந்தால் 0.038 கிராம் போதும், 0.05 போட்டால் மாங்கனீஸ் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். எடை போடுமுன் லேபிளைப் படியுங்கள். எந்த ஹைட்ரேட் என்பதை நோட்டில் எழுதிவையுங்கள்.