கோலாலம்பூரும் அதனைச் சூழ்ந்த ஊர்களும்

சென்ற திங்களில், அச்சகத்துக்குக் காகிதம் கொள்முதல் செய்யும் அலுவல் நிமித்தம் பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்குப் பிரயாணமானோம். மின்சார ரயில் எம்மைக் கே.எல். சென்ட்ரலில் இறக்கிவிட்டது. காகித வியாபாரியோ இன்று நாளையென்று தவணை சொல்லி நான்கு நாட்களைக் கடத்திவிட்டார். அதனால் ஊர் சுற்றும் அவகாசம் வாய்த்தது. அவருக்கு எமது நன்றி உரியதே.

இந்நகரின் பூர்வ கதையை நேயர்களில் பலர் அறிவர். 1857-ஆம் ஆண்டில் கிள்ளானின் ராஜா அப்துல்லா, ஈயம் தோண்டும்பொருட்டுச் சீனத் தொழிலாளர் 87 பேரை ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் இறங்கி அம்பாங் காட்டுக்குச் சென்ற அவர்களுள் பெரும்பாலோர் விரைவிலேயே காய்ச்சலால் மாண்டனர். அவ்வளவு உயிரின்மேல் எழும்பிய ஊர், 1880-இல் சிலாங்கூரின் தலைநகராயிற்று. மறு வருஷமே தீ ஒருமுறையும் வெள்ளம் ஒருமுறையும் அதனை அழித்தன. அதன்பின் ஓலைக்கும் பலகைக்கும் பதிலாகச் செங்கல்லாலும் ஓட்டாலும் வீடுகள் கட்டுமாறு ரெசிடெண்டு சுவெட்டன்ஹாம் வற்புறுத்த, கப்பித்தான் யாப் ஆ லோய் தொடங்கிய சூளைகளுக்கு வேலை பெருகியது. சூளைகள் இருந்த இடமே பிரிக்ஃபீல்ட்ஸ்.

யாம் தங்கியிருந்தது அங்கேதான். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கியபின், இப்பகுதி ரயில்வேத் தமிழரின் குடியிருப்பாக மாறிற்று. மேசையில் கணக்கெழுதியவர்களிலும் நிலைய அதிகாரிகளிலும் யாழ்ப்பாணத்தார் மிகுதி. தண்டவாளத்தில் சல்லி கொட்டியவர்களில் தமிழகத்தார் மிகுதி. ஒரே மொழி பேசியும் ஒரே தெருவில் இரண்டு ஊராக வாழ்ந்தனர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2010-இல் இவ்விடத்துக்குக் ‘குட்டி இந்தியா’ எனப் பெயர் சூட்டித் தோரண வாயிலும் அமைத்தார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்குப்பின், ‘நூறு குவார்ட்டர்ஸ்’ என்று வழங்கிய ரயில்வேத் தொழிலாளர் வீடுகள் இடிக்கப்பட்டன. தோரணத்தின்கீழ் நின்று படம் பிடிப்போரை யாம் குறை சொல்லவில்லை. வீடுகள் இருந்த இடத்தைக் காட்டுவார் அரிதாயினர் என்பதே எமது வருத்தம்.

செந்தூலுக்கும் சென்றோம். அங்கிருந்த ரயில்வேப் பட்டறை ஒரு காலத்தில் தமிழரின் உலையும் சம்மட்டியுமாக முழங்கிய இடம். ஜப்பானியர் ஆண்ட காலத்தில், 1945-ஆம் வருஷம் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நேசநாட்டு விமானங்கள் அதன்மீது குண்டு வீசின. இன்றோ பட்டறை பத்து காஜாவுக்குப் போய்விட்டது. பழைய ரயில்வேக் கட்டடம் ஒன்றில் 2005 முதல் நாடகக் கொட்டகை நடக்கிறது.

மூன்றாம் நாள் காகித வியாபாரியைத் தேடிப் பெட்டாலிங் ஜெயா போனோம். ஆயிரத்து இருநூறு ஏக்கர் கொண்ட எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டத்தில், தலைநகரின் நெருக்கடியைத் தணிக்க 1950-களின் தொடக்கத்தில் நிறுவிய ஊர் அது. 2006-இல் மாநகரமும் ஆயிற்று. கிட்டங்கி வாசலில் நின்றபோது இங்கே எத்தனை லயங்கள் இருந்திருக்கும் என்று எண்ணினோம். வியாபாரி விலையைப் பற்றிப் பேசினார்.

ஆனால் எம்மை உண்மையில் உலுக்கியது புத்ராஜெயா. முதல் உலகப் போரில் பணிபுரிந்து திரும்பிய ஆங்கில அதிகாரிகள் 1921-இல் அங்கே ஒரு தோட்டம் திறந்து, ‘பெரும் போர்’ எனப் பொருள்படும் மலாய்ச் சொற்களால் பெராங் பெசார் என்று பெயரிட்டனர். பால்மரம் வெட்டியவர்களுக்கு ‘பி.பி. 86’ என்னும் ஒட்டுமர இனம் தெரிந்திருக்கும். அந்த இரண்டு எழுத்தும் இத்தோட்டத்தின் பெயரே. நாடெங்கும் பால் பெருக வழி காட்டிய மரத்தை ஈன்ற மண் இது. விடியுமுன் பிரட்டில் நின்று, கத்தியும் வாளியும் ஏந்தி அம்மரங்களை வெட்டியவர்கள் தமிழர். 1995-இல் மரங்களை வீழ்த்திப் புதிய நிர்வாக நகரைக் கட்டத் தொடங்கினர். 1999-இல் பிரதமர் காரியாலயம் அங்கே குடிபெயர்ந்தது. தோட்ட மக்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா என்னும் அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டனர். சில காலத்தில் அச்சுவர்களில் விரிசல் கண்டு, தனி வீடு கேட்டுப் பல வருஷம் அவர்கள் முறையிட நேர்ந்தது.

ஏரியும் பாலங்களும் அழகியவை; ஒப்புக்கொள்கிறோம். அகன்ற வீதிகளில் நெடுநேரம் நடந்தும், பால்வெட்டியவர்களைக் குறிக்கும் பலகை ஒன்றும் எமது கண்ணில் படவில்லை.

டிங்கிலில் ஒரு மூதாட்டியைச் சந்தித்தோம். பதினாறு வயதில் கத்தி பிடித்தவர். “உங்கள் லயம் எந்தப் பக்கம் இருந்தது, அம்மா?” என்று வினவினோம். “மேட்டை வெட்டிப் பள்ளத்தை ரொப்பிட்டாங்களேப்பா, எதை வச்சுச் சொல்ல?” என்றார். பிறகு, யாம் கேளாமலே, குடிபெயர்ந்த நான்கு தோட்டங்களின் பெயர்களையும் விரல் மடக்கிச் சொன்னார். கொள்முதல் கணக்கெழுதிய தாளின் பின்புறத்தில் அவற்றைக் குறித்துக்கொண்டோம்: பெராங் பெசார், கேலவே, செட்ஜ்லி, மேடிங்லி.