தாம்சன்/சென்டர் கன்டென்டர்

தாம்சன்/சென்டர் கன்டென்டர் என்பது ஐக்கிய அமெரிக்காவில் 1967 ஆம் ஆண்டு அறிமுகமான ஒற்றைச் சூட்டுக் கைத்துப்பாக்கி ஆகும். இதில் ஒரு நேரத்தில் ஒரு தோட்டாவை மட்டுமே இடமுடியும். சுட்டபின் துப்பாக்கியைத் திறந்து, வெற்று உறையை நீக்கி, அடுத்த தோட்டாவைக் கையால் இடவேண்டும். ஒரு குழலைக் கழற்றிவிட்டு வேறு வகைத் தோட்டாவுக்குரிய குழலைப் பொருத்த முடிவது இதன் சிறப்பியல்பு. இதனால், கடைகளில் எளிதில் கிடைக்காத, சுடுபவர் தாமே நிரப்பிக்கொள்ளும் அரிய வகைத் தோட்டாக்களுக்கு இத்துப்பாக்கி பெயர்பெற்றது. அத்தகைய குழலுடன் ஒரு கன்டென்டரை வாங்குபவர், அக்குழலுக்குரிய தோட்டா எது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

வரலாறு

இத்துப்பாக்கியை வடிவமைத்தவர் வாரன் சென்டர். இவர் 1965 ஆம் ஆண்டில் நியூ ஆம்ப்சயர் மாநிலத்தின் ராச்செசுடர் நகரில் இயங்கிய கே. டபிள்யூ. தாம்சன் கருவி நிறுவனத்தில் சேர்ந்தார். இருவரின் பெயர்களும் இணைந்தே தாம்சன்/சென்டர் என்ற வணிகப் பெயர் உருவானது.

விலங்கு வடிவ இரும்புத் தகடுகளைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டுக்கான பன்னாட்டுச் சங்கம் 1976 இல் அமெரிக்காவில் அமைந்தபின் கன்டென்டரின் புகழ் பெருகியது. இப்போட்டியில் கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கிடா ஆகிய வடிவங்கள் முறையே 50, 100, 150, 200 மீட்டர் தொலைவில் நிறுத்தப்படுகின்றன. கிடாவின் தகட்டில் குண்டு பட்டால் மட்டும் போதாது. தகடு கீழே விழவேண்டும். வழக்கமான கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் பலவற்றுக்கு இத்தொலைவில் அவ்வாற்றல் இல்லாததால் புதிய தோட்டாக்களுக்கான தேவை எழுந்தது.

பிற்காலத்தில் ஜி2 கன்டென்டர் என்ற திருத்திய வடிவம் வெளிவந்தது. நிறுவனத்தை 2007 இல் சுமித் அன்ட் வெசன் வாங்கியது. 2021 இல் அப்பிரிவை விற்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2024 இல் முன்னாள் உரிமையாளரான கிரெக் ரிட்சு வணிகப் பெயரைத் திரும்ப வாங்கினார்.

அமைப்பு

விசைக்காப்பின் பின்பகுதியை இழுத்தால் குழலின் முன்முனை கீழ்நோக்கிச் சாய்ந்து, தோட்டா அறை திறக்கும். முன்பிடியைக் கழற்றியபின் ஒரேயொரு கீல் ஆணியை அகற்றினால் குழல் தனியே வந்துவிடும். விளிம்பில் தீப்பற்றும் தோட்டா, நடுவில் தீப்பற்றும் தோட்டா ஆகிய இரண்டையும் சுடுவதற்கேற்பச் சட்டகத்தில் இரு ஊசிகள் உள்ளன. எது செயற்படவேண்டும் என்பதைச் சுத்தியலில் உள்ள தெரிவியால் மாற்றலாம்.

முதல் வடிவில், இழுத்த சுத்தியலைச் சுடாமல் இறக்கிவிட்டால், துப்பாக்கியை ஒருமுறை திறந்து மூடிய பின்னரே மீண்டும் சுடமுடியும். ஜி2 வடிவில் இத்தேவை இல்லை. இதே நிறுவனத்தின் என்கோர் என்ற பெரிய துப்பாக்கியின் குழல்கள் கன்டென்டரில் பொருந்தா.

கையால் நிரப்பும் தோட்டாக்கள்

ஒரு தோட்டாவில் பித்தளை உறை, பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கு பகுதிகள் உள்ளன. இவற்றுள் விலைமிக்கதான உறையைப் பலமுறை பயன்படுத்தலாம் என்பதே கையால் நிரப்பும் வழக்கத்தின் அடிப்படை. ஏற்கெனவே உள்ள உறையின் கழுத்தையோ தோளையோ நீளத்தையோ மாற்றி ஆர்வலர்கள் உருவாக்கும் புதிய தோட்டா வைல்ட்கேட் எனப்படுகிறது. கன்டென்டருக்கென உருவான சில:

7 மி.மீ. டி.சி.யு.: வெசு உகால்டே என்பவர் வடிவமைத்தது. .223 ரெமிங்டன் உறையின் கழுத்தை 7 மி.மீ. குண்டுக்கு ஏற்ப விரித்து உருவாக்கப்பட்டது. பெயரின் மூன்று எழுத்துகள் தாம்சன், சென்டர், உகால்டே ஆகியவற்றைக் குறிக்கின்றன.

.30 எர்ரெட்: கைப்பிடி தயாரிப்பாளர் சுடீவ் எர்ரெட்டும் எழுத்தாளர் பாப் மிலெக்கும் உருவாக்கியது. .30-30 வின்செசுடர் உறையின் முழுக் கொள்ளளவுக்கான வெடிமருந்து குட்டைக் குழலில் திறம்பட எரிவதில்லை என்பதால் உறை குறுக்கப்பட்டது.

.375 ஜே.டி.ஜே.: ஜே. டி. ஜோன்சு வடிவமைத்தது. .444 மார்லின் உறையிலிருந்து பெறப்பட்டது, பெருவிலங்கு வேட்டைக்கானது.

வாங்கும்போது எழும் சிக்கல்கள்

முறையாக ஏற்கப்பட்ட தோட்டாக்களின் அளவுகளை அமெரிக்காவில் 1926 இல் தொடங்கிய சாமி என்ற உற்பத்தியாளர் அமைப்பு வரையறுக்கிறது. வைல்ட்கேட் தோட்டாவுக்கு இத்தகைய பொது வரையறை இல்லை. ஒரே பெயருள்ள இரு குழல்களின் தோட்டா அறைகள், அவற்றைக் குடைந்த கருவிகளின் வேறுபாட்டால் சிறிது மாறுபடலாம். ஆகவே உறையை வடிவமைக்கும் அச்சுகள் அந்தக் குறிப்பிட்ட குழலுக்கு ஒத்திருக்க வேண்டும்.

உறையின் அடியில் உள்ள முத்திரை மற்றொரு குழப்பத்திற்குக் காரணமாகிறது. .223 உறையிலிருந்து செய்த 7 மி.மீ. டி.சி.யு. தோட்டாவின் அடியில் .223 என்ற எழுத்துகளே நிலைத்திருக்கும். எனவே முத்திரையை மட்டும் நம்பித் தோட்டாவை அடையாளம் காண்பது ஆபத்தானது. பொருந்தாத தோட்டாவைச் சுட்டால் உறை கிழிந்து, உயர் அழுத்த வளிமம் பின்புறமாக வெளியேறலாம். துப்பாக்கி உடைந்து சுடுபவர் காயமடையவும் கூடும்.

தனிப்பட்ட கம்மியர் குடைந்த குழலில், பக்கவாட்டில் பொறித்துள்ள பெயரும் ஐயத்திற்குரியதாயின், தோட்டா அறையின் வார்ப்பு எடுக்கப்படுகிறது. செரோசேஃப் என்ற பிசுமத் கலப்புலோகம் ஏறக்குறைய 70 முதல் 88 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகுவதால் இதற்கு ஏற்றது. குளிரும்போது முதலில் சற்றுச் சுருங்கும் இவ்வார்ப்பு, ஏறத்தாழ ஒரு மணிநேரத்தில் அறையின் உண்மையான அளவை எட்டும். அப்போது அதை அளந்து பார்க்கலாம்.

பழைய துப்பாக்கியுடன் முன்னைய உரிமையாளர் நிரப்பிய தோட்டாக்களும் சில வேளைகளில் கிடைப்பதுண்டு. அவற்றில் எவ்வகை வெடிமருந்து எவ்வளவு உள்ளது என்பதை வெளியிலிருந்து அறிய இயலாது. அவற்றைச் சுடாமல் பிரித்து உறைகளை மட்டும் பயன்படுத்துவதே பாதுகாப்பான வழக்கமாகக் கருதப்படுகிறது.

சட்ட நிலை

அமெரிக்கக் கூட்டரசின் 1968 ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, தொடரெண் பொறித்த சட்டகமே துப்பாக்கி ஆகும். குழல் ஓர் உதிரிப்பாகம் மட்டுமே. உரிமம் பெற்ற வணிகரிடம் கைத்துப்பாக்கி வாங்குபவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அவரது பின்னணியும் சரிபார்க்கப்படும். தம் தேவைக்குத் தோட்டா நிரப்பக் கூட்டரசு உரிமம் தேவையில்லை. விற்பனைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். சில மாநிலங்கள் கூடுதல் கட்டுப்பாடுகளை விதித்துள்ளன.

கைத்துப்பாக்கியுடன் தோள்கட்டையும் 21 அங்குலக் குழலும் கொண்ட தொகுப்பை நிறுவனம் விற்றபோது ஒரு வழக்கு எழுந்தது. 16 அங்குலத்திற்குக் குறைவான குழலுடன் தோள்கட்டையைப் பொருத்தினால் அது 1934 ஆம் ஆண்டுத் தேசியத் துப்பாக்கிச் சட்டத்திற்கு உட்பட்ட குறுங்குழல் துப்பாக்கியாகிவிடும். அவ்வாறு பொருத்த முடியும் என்பதால் தொகுப்புக்கே 200 டாலர் வரி உண்டு என அரசு வாதிட்டது. 1992 இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எனினும் குட்டைக் குழலையும் தோள்கட்டையையும் உண்மையாகவே இணைத்தால் அச்சட்டம் பொருந்தும். இவ்வரி 2026 சனவரி 1 முதல் சுழியமாக்கப்பட்டது. வரியை நீக்கிய 2025 ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுக் கட்டாயத்தை நீக்கவில்லை.